ஏ-யூ-ஏ: ஒரு புள்ளியின் வரலாறு

மரபுக்குறியீட்டு அட்டவணையைப் பாடப்புத்தகத்திலோ ஏதாவதோர் ஆய்வுக்கூடச் சுவரிலோ பார்த்திருப்பீர்கள். ஏ, யூ, ஜி, சி என்று நான்கே எழுத்து. மூன்று மூன்றாகச் சேர்த்தால் 64 சொற்கள். இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குக் கோடான் என்று பெயர். 61 கோடான்கள் ஏதாவது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். மீதி 3 கோடான்கள் ‘இங்கே நிறுத்து’ என்று சொல்லும். செல் இந்தச் சொற்களை வரிசையாகப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்கிறது. பார்க்க அகராதி மாதிரியே இருக்கும். இடது பக்கம் சொல், வலது பக்கம் பொருள்.

இந்தக் கட்டுரை அந்த 64 கட்டங்களில் ஒன்றைப் பற்றியது. ஏ-யூ-ஏ. அதன் பொருள் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம். அதற்குக் கீழேயே ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டம் ஏ-யூ-ஜி. அதன் பொருள் மெத்தியோனைன். இரண்டுக்கும் கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம். அட்டவணையில் இது சாதாரணமாகத் தெரியும். ஆனா இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தைப் பிரித்துப் படிக்க, செல்லிடம் நேரான வழி எதுவுமே கிடையாது. பாக்டீரியா அதற்காக ஒரு தனிப் புரதத்தையே வைத்திருக்கிறது. அதன் பெயர் டில்எஸ். அது வேலை செய்யாவிட்டால் ஈ-கோலை பாக்டீரியா பிழைக்காது.

நான் படித்தது பொறியியல், உயிரியல் இல்லை. ‘மரபுக்குறியீட்டை உடைத்தார்கள்’ என்ற புகழ்பெற்ற கதை 1961-இல் தொடங்கி 1966-இல் முடிந்துவிடுவதாகத்தான் எங்கும் எழுதியிருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும். அட்டவணையைக் கண்டுபிடித்தாச்சு, சரி. அதைப் பார்த்துப் படிப்பது யார்? படிப்பவர் தப்பாகப் படித்தால் யார் திருத்துவார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கதை 1966-இல் முடியவில்லை என்று தெரிகிறது. அது 2009 வரைக்கும் போகிறது. அதற்குப் பிறகும்.

தூதுக்கும் பொருளுக்கும் நடுவில் ஒருவர்

1955-இல் பிரான்சிஸ் கிரிக் ஒரு குறிப்பு எழுதினார். அது எந்த ஆய்விதழிலும் வரவில்லை. ‘ஆர்என்ஏ டை கிளப்’ என்று தங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்ட ஒரு சின்ன நண்பர் வட்டத்துக்குள் சுற்றுக்கு விடப்பட்டது. அதில் அவர் சொன்னது இதுதான்: ஆர்என்ஏ எழுத்துகளுக்கும் அமினோ அமிலங்களுக்கும் நேரடியான வேதிப் பொருத்தம் கிடையாது. பூட்டுக்குச் சாவி போல ஒன்றில் ஒன்று உட்காராது. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஓர் இணைப்பான் இருந்தே ஆகவேண்டும். அதன் ஒரு முனை எழுத்தைப் படிக்கும், மறு முனை அமினோ அமிலத்தைச் சுமக்கும். சரியான அமிலத்தைச் சரியான இணைப்பானில் ஏற்றுவதற்குத் தனித்தனி நொதிகளும் இருக்கவேண்டும்.

வெறும் யோசனையில் பிறந்த இந்த இணைப்பானை, ஏறக்குறைய அதே காலத்தில் பாஸ்டனில் மாலன் ஹோக்லண்டும் பால் சாமெக்னிக்கும் சோதனைக் குழாயில் கண்டுபிடித்தார்கள். கிரிக்கின் குறிப்பைப் படித்துவிட்டு அவர்கள் தேடவில்லை. 1958-இல் அவர்களுடைய விரிவான கட்டுரை வந்தது. இன்று அதைக் கடத்து ஆர்என்ஏ என்கிறோம். கிரிக் நினைத்ததைவிட அது பெரியது. ஏறத்தாழ 75 முதல் 90 எழுத்து நீளம். மடங்கி மடங்கி, முப்பரிமாணத்தில் ஆங்கில ‘எல்’ எழுத்து வடிவத்தில் இருக்கும். ஒரு முனையில் அமினோ அமிலம். மறு முனையில் எதிர்கோடான் என்ற மூன்று எழுத்து. தூது ஆர்என்ஏவில் உள்ள கோடானோடு இந்த மூன்று எழுத்தும் ஜோடி சேரும்போது அமிலம் இறக்கிவைக்கப்படும். இதெல்லாம் நடக்கும் பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர்.

அடுத்து வந்த சோதனைதான் என்னை உலுக்கியது. 1962-இல் ஷாப்வில், லிப்மன், பென்சர் உள்ளிட்ட ஒரு குழு ஒரு குறும்பு செய்தது. சிஸ்டீன் என்ற அமிலம் ஏற்றப்பட்ட கடத்து ஆர்என்ஏவை எடுத்து, நிக்கல் வினையூக்கியால் அந்தச் சிஸ்டீனில் இருந்த கந்தகத்தை நீக்கினார்கள். சிஸ்டீனில் கந்தகம் போனால் அது அலனின். ஆக, வண்டியின் நம்பர் பிளேட் சிஸ்டீனுக்கு உரியது, உள்ளே இருக்கும் சரக்கு அலனின். ரைபோசோம் கண்டுபிடித்ததா? இல்லை. சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனினைப் பேசாமல் கோத்துவிட்டது.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். ரைபோசோம் சரக்கைப் பெரும்பாலும் சோதிப்பதில்லை. எதிர்கோடான் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறது. அப்படியானால் அட்டவணையின் நம்பகத்தன்மை முழுக்க அதற்கு முந்திய கட்டத்தில், கடத்து ஆர்என்ஏவும் அதில் சரக்கை ஏற்றும் நொதியும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது. அங்கே தவறு நடந்தால் பிறகு பிடிப்பது கஷ்டம்.

அட்டவணையில் ஓர் ஓட்டை

1965-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹோலி முதன்முதலாக ஒரு கடத்து ஆர்என்ஏவின் எழுத்து வரிசையை முழுசாகப் படித்து வெளியிட்டார். ஈஸ்ட்டில் அலனினைச் சுமக்கும் ஆர்என்ஏ அது. 140 கிலோ ஈஸ்ட்டிலிருந்து வடித்து வடித்து அவர் குழு எடுத்தது 1 கிராம். அந்த வரிசையில் ஏ, யூ, ஜி, சி மட்டும் இல்லை. வேறு விசித்திர எழுத்துகளும் இருந்தன. மரபணுவில் அவை இல்லை. ஆர்என்ஏ படியெடுக்கப்பட்ட பிறகு செல் தன் கையால் திருத்தி எழுதியவை. அப்படித் திருத்தப்பட்ட ஓர் எழுத்து, ஐனோசின், எதிர்கோடானின் முதல் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அடுத்த வருடமே, 1966-இல், கிரிக் அதற்கு விளக்கம் சொன்னார். கோடானும் எதிர்கோடானும் எதிரெதிர்த் திசையில் பொருந்துபவை. அதனால் எதிர்கோடானின் முதல் எழுத்து, கோடானின் மூன்றாம் எழுத்தோடு சேரும். அந்த ஓர் இடத்தில் மட்டும் பொருத்தம் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம் என்றார். அவருடைய விதிப்படி அங்கே யூ இருந்தால் ஏ, ஜி இரண்டையும் படிக்கும். ஜி இருந்தால் யூ, சி இரண்டையும் படிக்கும். சி இருந்தால் ஜி-யை மட்டும் படிக்கும். ஐனோசின் இருந்தால் யூ, சி, ஏ மூன்றையும் படிக்கும்.

இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு நம்முடைய கட்டத்துக்கு வாருங்கள். ஏ-யூ-ஏ என்பதை ஐசோலூசின் என்று படிக்கவேண்டும். பக்கத்து ஏ-யூ-ஜியைத் தொடவே கூடாது, அது மெத்தியோனைனுடைய வீடு. அதாவது மூன்றாம் இடத்தில் ஏ-வை மட்டும் படிக்கும் எழுத்து வேண்டும். கிரிக்கின் பட்டியலில் அப்படி எதுவுமே இல்லை. யூ வைத்தால் ஏ-வோடு ஜி-யும் சேர்ந்து வரும். மெத்தியோனைன் இருக்கவேண்டிய இடங்களில் ஐசோலூசின் நுழைந்துவிடும்.

அட்டவணை நிறைவு பெற்ற அதே ஆண்டில், அதைப் படிப்பதற்கான விதிகளில் ஓர் ஓட்டை இருந்தது. ஈஸ்ட், மனிதர் போன்ற உயிர்களுக்கு ஐனோசின் உதவும். ஐசோலூசினுக்கு ஏ-யூ-யூ, ஏ-யூ-சி, ஏ-யூ-ஏ என்று மூன்று கோடான்கள். ஐனோசின் சரியாக அந்த மூன்றை மட்டும் படித்து ஏ-யூ-ஜியை விட்டுவிடும். பாக்டீரியா இந்த இடத்தில் ஐனோசினைப் பயன்படுத்துவதில்லை. அப்படியென்றால் அது எப்படிச் சமாளிக்கிறது?

மேடிசனிலிருந்து டோக்கியோவுக்கு

1960-களில் அமெரிக்காவின் மேடிசன் நகரில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், ஹர் கோவிந்த் கொரானாவின் ஆய்வுக்கூடம் இருந்தது. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். எழுத்து வரிசை முன்கூட்டியே தெரிந்த ஆர்என்ஏக்களைச் செய்து, அவை எந்தப் புரதத்தைத் தருகின்றன என்று பார்த்துப் பல கோடான்களின் பொருளை உறுதி செய்த கூடம் அது. 1968-இல் கொரானா, மார்ஷல் நிரன்பெர்க், ஹோலி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புகழ்பெற்ற கதை இங்கே திரை விழுந்து முடிகிறது.

அந்தக் கூடத்தில் அப்போது வேலை செய்த இரண்டு பேரை மட்டும் நினைவில் வையுங்கள். ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த சுசுமு நிஷிமுரா. இன்னொருவர் நேபாளத்தைச் சேர்ந்த உத்தம் ராஜ்பண்டாரி. பரிசு பெற்றவர்களின் பட்டியலில் இவர்கள் பெயர் வராது. ஆனா ஏ-யூ-ஏவின் மிச்சக் கதை இவர்கள் இருவர் வழியாகத்தான் நடக்கிறது.

நிஷிமுரா ஊர் திரும்பி டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மைய ஆய்வுக்கழகத்தில் கடத்து ஆர்என்ஏக்களைப் பிரித்தெடுக்கும் வேலையில் இறங்கினார். 1974-இல் அவரும் ஹராடாவும், ஈ-கோலையில் ஏ-யூ-ஏவை மட்டும் படிக்கும் ஒரு சிறுபான்மைக் கடத்து ஆர்என்ஏவைத் தனியாகப் பிரித்து அறிவித்தார்கள். அதன் எதிர்கோடானின் முதல் எழுத்து யாரும் அதுவரை பார்க்காத ஒன்று. அது என்ன என்று அப்போது சொல்ல முடியவில்லை.

அந்த எழுத்தின் பெயர் தெரிய 14 வருடம் ஆனது. 1988-இல் முராமட்சு, யோகோயாமா, நிஷிமுரா உள்ளிட்ட குழு அதன் அமைப்பைத் தீர்த்தது. அது சி-தான். சாதாரண சி. ஆனால் அதன் வளையத்தில் இரண்டாம் கார்பனில் இருந்த ஆக்சிஜன் போய், அந்த இடத்தில் லைசின் என்ற முழு அமினோ அமிலமே தொற்றிக்கொண்டிருந்தது. ஆர்என்ஏ எழுத்தின் மேல் ஓர் அமினோ அமிலம் ஏறி உட்கார்ந்திருக்கிறது! அதற்கு லைசிடின் என்று பெயர் வைத்தார்கள்.

அப்படியானால் மரபணுவில் இந்த எதிர்கோடான் சி-ஏ-யூ என்றே எழுதப்பட்டிருக்கிறது. சி-ஏ-யூ எதைப் படிக்கும்? ஏ-யூ-ஜியை. அதாவது மெத்தியோனைனை. ஐசோலூசினுக்கான ஆர்என்ஏ, பிறக்கும்போது மெத்தியோனைனின் அடையாளத்தோடு பிறக்கிறது. ஜாதகமே மாற்றி எழுதின மாதிரி.

அதே குழு இன்னொரு சோதனையும் செய்தது. அந்த ஆர்என்ஏவில் லைசிடினை எடுத்துவிட்டு வெறும் சி-யை வைத்துப் பார்த்தார்கள். உடனே ஐசோலூசினை ஏற்றும் நொதி அதைக் கைவிட்டது. மெத்தியோனைனை ஏற்றும் நொதி அதை எடுத்துக்கொண்டது. ஆக, லைசினின் அந்த ஒரு தொடுப்பு ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றுகிறது. எந்தக் கோடானைப் படிப்பது என்பதும் மாறுகிறது, எந்த அமிலத்தைச் சுமப்பது என்பதும் மாறுகிறது.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க எனக்கு ஓலைச்சுவடிதான் ஞாபகம் வருகிறது. சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஒரே மாதிரிதான் எழுதப்பட்டிருக்கும். ஓலையில் இருக்கும் கோடுகள் மட்டும் பொருளைத் தருவதில்லை. எங்கே புள்ளி, எங்கே நெடில் என்று தெரிந்த ஒருவர் படித்தால்தான் அது சொல் ஆகும். பாக்டீரியாவின் மரபணுவும் சி-ஏ-யூ என்று புள்ளி இல்லாமல்தான் எழுதி வைத்திருக்கிறது. லைசின்தான் அந்தப் புள்ளி. அப்போ, எந்த ஆர்என்ஏவுக்குப் புள்ளி வைக்கவேண்டும், எதற்கு வைக்கக்கூடாது என்று தெரிந்த பதிப்பாசிரியர் யார்?

பதிப்பாசிரியரைத் தேடி

அதற்கு இன்னும் 15 வருடம். 1990-களின் பிற்பாதியில் பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதிகள் முழுசாகப் படிக்கப்பட்டன. எந்த மரபணுவை நீக்கினால் செல் சாகும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் வேலையும் நடந்தது. பேசிலஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுமார் 4,100 மரபணுக்களில் 271 இல்லாமல் வாழவே முடியாதவை என்று 2003-இல் ஒரு பெரிய கூட்டுக் குழு அறிவித்தது. இப்படிப்பட்ட பட்டியல்களில், இது இல்லாமல் உயிர் வாழாது, ஆனால் இது என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாத மரபணுக்களும் சில இருந்தன.

அதே 2003-இல் சோமா, சுதோமு சுசுகி உள்ளிட்ட ஜப்பானியக் குழு அப்படி ஒன்றின் வேலையைக் கண்டுபிடித்தது. ஈ-கோலையில் அதற்கு மெஸ்ஜே என்றும் பேசிலஸில் யாக்ஏ என்றும் வெறும் அடையாளப் பெயர்கள் இருந்தன. வெப்பம் கூடினால் அந்தப் புரதம் செயலிழக்கும் ரகத்தில், ஆர்என்ஏவில் லைசிடின் குறைந்துபோனது. புரதத்தைத் தனியாகச் செய்து, சோதனைக் குழாயில் ஏடிபி-யும் லைசினும் கொடுத்தால் அது சி-யை லைசிடின் ஆக்கியது. அந்த ஆர்என்ஏ மெத்தியோனைனிலிருந்து ஐசோலூசினுக்குக் கட்சி மாறியது. மரபணுவுக்கு டில்எஸ் என்று புதுப்பெயர் வைத்தார்கள்.

2005-இல் நகானிஷி, நுரேகி முதலியோர் ஈ-கோலை டில்எஸ்-இன் முப்பரிமாண அமைப்பை எக்ஸ்-கதிர் படிகவியலால் வெளியிட்டார்கள். அது வேலை செய்யும் விதமும் துலங்கியது. இரண்டு படிகள். முதலில் ஏடிபி-யை உடைத்து, அதில் ஏஎம்பி என்ற துண்டை எடுத்துச் சி-யின் இரண்டாம் கார்பனில் உள்ள ஆக்சிஜனில் ஒட்டுகிறது. இது அந்த இடத்தை இளக்கிவைக்கும் வேலை. அடுத்து லைசினின் ஓரத்து அமீன் வந்து அந்தக் கார்பனைப் பிடிக்க, ஏஎம்பி ஆக்சிஜனோடு சேர்ந்து கழன்றுவிடுகிறது. இந்த வேலை நடக்கும் மடிப்பு புரதத்தின் முன்பகுதியில் இருக்கிறது. பின்பகுதி ஆர்என்ஏவைத் தடவி அடையாளம் பார்க்கும் பகுதி.

இந்த அடையாளம் பார்க்கும் வேலைதான் மிகவும் நுட்பமானது. உண்மையான மெத்தியோனைன் ஆர்என்ஏக்களுக்கும் இதே சி-ஏ-யூ எதிர்கோடான்தான். புரதம் தொடங்கும் இடத்தைப் படிப்பது ஒன்று, நடுவில் வருவதைப் படிப்பது இன்னொன்று. டில்எஸ் மறந்துபோய் அவற்றுக்குப் புள்ளி வைத்தால் காரியம் கெட்டது. அதனால் அது எதிர்கோடானை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. ‘எல்’ வடிவத்தின் அடுத்த கையில், அமிலம் ஏறும் தண்டில் இருக்கும் சில எழுத்து ஜோடிகளையும் சேர்த்துப் பார்க்கிறது. பேரை மட்டும் கேட்டுக் கதவைத் திறக்காமல், ஐசி-யையும் வாங்கிப் பார்க்கும் காவலாளி மாதிரி.

வரிசை மாறினால்

இங்கேதான் பொறியியல்காரனாக எனக்குக் கை பரபரத்தது. இந்த அமைப்பை ஓர் இரட்டை சுவிட்ச் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிடி இரண்டு தொடர்பையும் சேர்த்துத் தள்ளும். புள்ளி இல்லாதபோது ஆர்என்ஏ மெத்தியோனைனைச் சுமக்கும், மெத்தியோனைன் கோடானைப் படிக்கும். தவறில்லை. புள்ளி வைத்தபின் ஐசோலூசினைச் சுமக்கும், ஐசோலூசின் கோடானைப் படிக்கும். அதுவும் தவறில்லை. டில்எஸ் முழுக்க நின்றுபோனாலும் செல் தப்பான புரதம் செய்வதற்கு முன்னால், ஏ-யூ-ஏவைப் படிக்க ஆள் இல்லாமல் ஸ்தம்பித்து நிற்கும். தப்பாகப் படிப்பதைவிடப் படிக்காமல் நிற்பது மேல் என்ற வடிவமைப்பு. லிஃப்ட் கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது இல்லையா, அதே தர்க்கம்.

ஆனா இதில் ஒரு சந்து இருக்கிறது. புள்ளி இல்லாத ஆர்என்ஏ முதலில் மெத்தியோனைனை ஏற்றிக்கொண்டுவிட்டது என்று வையுங்கள். அதற்குப் பிறகு டில்எஸ் வந்து புள்ளி வைத்தால்? வண்டியில் மெத்தியோனைன், நம்பர் பிளேட்டில் ஐசோலூசின். ஷாப்வில் 1962-இல் காட்டியது நினைவிருக்கிறதா? ரைபோசோம் சரக்கைப் பார்க்காது. ஐசோலூசின் இருக்கவேண்டிய இடத்தில் மெத்தியோனைன் பேசாமல் உள்ளே போய்விடும். இரண்டு நிலையும் பாதுகாப்பானவைதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த நொடிதான் ஆபத்து. சுவிட்ச் வேலை பார்த்தவர்களுக்கு இது பழைய தலைவலி.

2009-இல் இதே ஜப்பானியக் குழுவினர் இதற்குப் பதில் கண்டார்கள். பாக்டீரியா அந்த நொடியை வரவே விடுவதில்லை. கடத்து ஆர்என்ஏ ஒரேயடியாக முழு உருவத்தில் பிறப்பதில்லை. முன்னும் பின்னும் அதிகப்படியான எழுத்துகளோடு ஒரு முன்வடிவமாகத்தான் வெளியே வரும். அந்த வால்களை வெட்டிய பிறகுதான் அமிலம் ஏற்ற முடியும். டில்எஸ் அதற்கு முன்னாலேயே, முன்வடிவத்திலேயே புள்ளி வைத்துவிடுகிறது. வால் வெட்டும் நொதி குறைபட்ட ஈ-கோலையில் தேடியபோது, வெட்டப்படாத முன்வடிவங்களில் லைசிடின் ஏற்கெனவே இருந்தது. முழு உருவம் பெற்றும் லைசிடின் இல்லாத ஆர்என்ஏ எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. முதலில் புள்ளி, பிறகுதான் சரக்கு. மெத்தியோனைன் நொதி வந்து பார்க்கும்போது ஆள் ஏற்கெனவே ஐசோலூசின் ஆகியிருப்பார்.

வேதியியல் அதே வேதியியல்தான். காவல் இருப்பது வரிசையில். எந்தப் பேனல் போர்டிலும் இதைப் பார்க்கலாம். இரண்டு பாகமும் சரியாக இருந்தாலும், எது முதலில் இயங்கவேண்டும் என்பதைப் பூட்டி வைக்காவிட்டால் மோட்டார் புகைந்துவிடும்.

ஒரே ஓட்டை, மூன்று அடைப்பு

மேடிசனில் நாம் விட்டுவந்த இன்னொருவருக்கு இப்போது வரலாம். ராஜ்பண்டாரி பின்னாளில் அமெரிக்காவின் எம்ஐடி-யில் பேராசிரியர் ஆனார். 2010-இல் அவருடைய குழுவும் சுசுகியின் குழுவும், பாக்டீரியாவும் இல்லாத நம்மைப் போன்றதும் இல்லாத மூன்றாம் உயிர்க்கிளையான ஆர்க்கியாவில் இதே கட்டத்தை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டன. அங்கேயும் எதிர்கோடான் சி-ஏ-யூ. அங்கேயும் அந்தச் சி-யின் இரண்டாம் கார்பனில் ஒரு தொடுப்பு. ஆனால் லைசின் இல்லை, அக்மட்டின் என்ற வேறொரு மூலக்கூறு. வைப்பதும் டில்எஸ் இல்லை. அதோடு உறவே இல்லாத வேறொரு நொதி. இரண்டு ஊரில் இரண்டு பேர், ஒருவரையொருவர் பார்க்காமலே, ஒரே ஓட்டையை ஏறத்தாழ ஒரே மாதிரி அடைத்திருக்கிறார்கள்.

இந்த அக்மட்டின் புள்ளி வைத்த ஆர்என்ஏ, ரைபோசோமுக்குள் ஏ-யூ-ஏவோடு எப்படிக் கைகோர்க்கிறது என்பதை 2013-இல் படிக அமைப்பாகவே காட்டினார்கள். அந்தக் கட்டுரையில் ராஜ்பண்டாரியோடு பெயர் கொடுத்திருப்பவர்களில் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்து, ரைபோசோமின் அமைப்புக்காக 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே ராமகிருஷ்ணன்தான்.

நம் உடம்பிலோ ஏ-யூ-ஏவுக்கு இரண்டு பொருள். செல்லின் பெரிய பரப்பில் அது ஐசோலூசின். ஆனால் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஏ-யூ-ஏ என்றால் மெத்தியோனைன். 1979-இல் கேம்பிரிட்ஜில் பாரெல் முதலியோர் இதைக் காட்டியபோதுதான், மரபுக்குறியீடு எல்லா உயிருக்கும் ஒன்றே என்ற நம்பிக்கையில் முதல் கீறல் விழுந்தது. மைட்டோகாண்ட்ரியா அந்த ஓட்டையை அடைக்கவில்லை. சுவரையே இடித்து, இரண்டு வீட்டையும் மெத்தியோனைனுக்குக் கொடுத்துவிட்டது.

இது யாருக்கு வேண்டும்?

மனிதருக்கு டில்எஸ் கிடையாது. பாக்டீரியாவுக்கு அது உயிர்நாடி. ஆகவே அதை முடக்கும் ஒரு மூலக்கூறு கிடைத்தால் அது புதிய ஆன்டிபயாட்டிக் ஆகலாம் என்ற எண்ணம் ஆய்வாளர்களுக்கு இயல்பாகவே வந்தது. பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிப்போன காலத்தில் இது சின்ன ஆசை இல்லை. மருந்துக் கடைக்கு இதுவரை அப்படி ஒன்றும் வரவில்லை. எளிதில் வரும் என்று நம்பவும் கூடாது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், டில்எஸ் இல்லாமலே வாழும் பேசிலஸ் சப்டிலிஸ் ரகங்களைக் காட்டினார்கள். அவற்றில் ஐசோலூசினுக்கான இன்னொரு கடத்து ஆர்என்ஏவின் எதிர்கோடானில் முதல் எழுத்து ஜி-யிலிருந்து யூ ஆகியிருந்தது. கிரிக்கின் விதிப்படி ஏ-வோடு ஜி-யும் சேர்ந்து வரும் ஆபத்து உள்ள அதே யூ. வேறு வழியில்லாதபோது உயிர் ஆபத்தான வழியையும் எடுத்துக்கொள்கிறது.

ஆய்வுக்கூடத்தின் அன்றாட வேலையிலும் ஏ-யூ-ஏ தொந்தரவு செய்யும். ஈ-கோலையில் இது அரிதான கோடான். மலேரியாக் கிருமியின் மரபணுக்களில் ஏ-யும் டி-யும் மிகுதி, அதனால் ஏ-யூ-ஏ சாதாரணம். அந்தக் கிருமியின் புரதத்தை ஆராய்ச்சிக்காக ஈ-கோலையில் செய்யப் பார்த்தால் இடையில் தடுக்கும். அதற்காகவே அரிய கடத்து ஆர்என்ஏக்களைக் கூடுதலாகச் சேர்த்த ரோசெட்டா என்ற ஈ-கோலை ரகம் விற்பனையில் இருக்கிறது. கூடுதலாகச் சேர்த்தவற்றில் நம் ஆர்என்ஏவும் உண்டு. அதற்கும் ஒவ்வொன்றாகப் புள்ளி வைப்பது செல்லில் இருக்கும் டில்எஸ்தான்.

குறியீட்டை ‘உடைத்தார்கள்’ என்று சொல்லும்போது, அது ஒரு பெட்டி, ஒரு தடவை திறந்தால் போதும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் அந்த அட்டவணை ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வொரு நொடியும் காப்பாற்றப்பட வேண்டிய ஏற்பாடு. கடத்து ஆர்என்ஏக்களிலும் மற்ற ஆர்என்ஏக்களிலும் இப்படித் திருத்தி எழுதப்படும் எழுத்துவகைகள் இன்று 150-க்கும் மேல் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு புரதமாவது இருக்கும். அதற்குப் பின்னால் 140 கிலோ ஈஸ்ட்டை வடித்த மாதிரி, பேர் தெரியாத எழுத்து ஒன்றை 14 வருடம் விடாமல் துரத்திய மாதிரி யாராவது இருப்பார்கள். ஹராடா, நிஷிமுரா, முராமட்சு, யோகோயாமா, சோமா, சுசுகி, நகானிஷி, நுரேகி, ராஜ்பண்டாரி. ஒரு கட்டத்துக்கே இத்தனை பேர். அட்டவணையில் இன்னும் 63 கட்டம் இருக்கிறது.